நூறு கிராமுக்கு ஆறு

பிரேமர்ஹாஃபென், மீன் துறைமுகம், மூன்றாம் மாடி.
சன்னலைத் திறந்தால் புகைக்கூடத்து வாடை,
மூடினால் ஈதர் வாடை.
பெரும்பாலும் மூடித்தான் வைப்பேன்.

மே மாதத்துக் கானாங்கெளுத்தி. மாதிரி எண் 417.
முதுகில் யாரோ மை பேனாவைச்
சோதித்துப் பார்த்த கிறுக்கல்கள்.
அரைத்து, அமிலத்தில் கொதிக்கவைத்து,
காகித உறையில் உலர்த்தி
ஈதரைச் சொட்டவிட்டேன் ஆறு மணி நேரம்.
நிரம்பும், கவிழும், மறுபடி நிரம்பும்.
குடுவையை நிறுத்தேன்:
நூறு கிராமுக்கு ஆறு.

ஒப்பந்தத்தில் பதினெட்டு என்று இருக்கிறது.

புகைக்கூடத்து லுடேக்கே தொலைபேசியில் வந்தார்.
"தராசு சரியா? இன்னொரு தடவை பாருங்களேன்."
பார்த்தேன், மறுநாள். ஐந்து புள்ளி ஒன்பது.
"இன்னொரு தடவை."
ஆறு புள்ளி ஒன்று.

ஐயா, இதே மீன் அக்டோபரில் வந்திருந்தால்
கத்தி வழுக்கியிருக்கும்,
அடியில் விரித்த தாள் கண்ணாடியாகியிருக்கும்,
இருபத்தைந்து என்று எழுதியிருப்பேன்.
குளிர்காலம் முழுக்க அரைவயிறு,
அதற்குப் பிறகு அயர்லாந்துக்கு மேற்கே போய்
முட்டையிட்டுத் திரும்பிய உடம்பு இது.
காட் மீன் என்றால் எல்லாவற்றையும்
கல்லீரலில் பூட்டிவைத்திருக்கும், தசைக்கு அரை கிராம் தராது.
இது உடம்பெல்லாம் பையாக வைத்திருந்து
உடம்பெல்லாம் காலியானது.

அன்று மாலை இன்னொரு இயந்திரம்
எண்ணெயைப் பிரித்துக் கோடு போட்டது.
சிகரம் சிகரமாய் வந்து, எல்லாவற்றுக்கும் பின்னால்
இருபத்திரண்டு கார்பன், ஆறு இரட்டைப் பிணைப்பு.
பிணைப்புக்குப் பிணைப்பு ஒரு வளைவு.
நேரான சங்கிலிகள் அடுக்கி உட்கார்ந்து
நெய்யாய் உறைந்துபோகும் அந்தக் குளிரில்.
வளைந்தது அடுக்குக்குள் அடங்காது.
அடங்காததால் உறையாது.

மொத்த எண்ணெய் வற்றியும்
அதன் பங்கு கூடித்தான் இருந்தது.
அது சேமிப்பில்லை, உயிரணுவின் சுவர்ப்பூச்சு.
பசித்தாலும் சுவரைத் தின்ன முடியுமா?

மூன்றாம் அழைப்பில் லுடேக்கேயின் குரல் தணிந்திருந்தது.
"பதினாறு என்று போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?"
போடமாட்டேன் என்றேன்.
அடுத்த மேசை வீப்கே
பிடிவாதம் என்ற அர்த்தத்தில் ஏதோ முனகினாள்.

தமிழில் இதற்கு வேறு சொல் இருக்கிறது.
கணக்கு வாத்தியார் கரும்பலகையில் விட்ட பிழையைச்
சொன்ன அன்று எனக்குக் கிடைத்தது.
பேருந்தில் காலை நகர்த்துங்கள் என்றபோது,
பெண்பார்க்க வந்தவரிடம் சம்பளம் கேட்டபோது,
பிறகு கணக்கில்லை.
கொழுப்பு.

வீப்கேக்கு விளக்கினேன்:
எங்கள் மொழியில் மறுத்துப் பேசும் பெண்ணிடம் இருப்பதும்
இந்தக் குடுவையின் அடியில் இருப்பதும் ஒரே சொல்.
அவள் சிரிக்கவில்லை.
"உன்னிடம் எத்தனை சதவீதம்?" என்றாள்.
அளந்ததில்லை.

அறிக்கையில் 6,0.
இந்த ஊரில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி.
கீழே கையெழுத்து, நா. இன்பவல்லி.
இரண்டு தரம் சோப்புப் போட்டும்
விரலில் ஒரு மினுக்கம் போகவில்லை.

சன்னலைத் திறந்தேன்.
புகைக்கூடத்தில் இன்று விலாங்கு போலிருக்கிறது.
வாடையிலேயே தெரிகிறது,
நல்ல கொழுப்பு.