நூறு கெஜம்

பள்ளிக்கூட கேட்டிலிருந்து நூறு கெஜம்.
டேப்பின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை பேராச்சி கையில்.
பின்னாலேயே மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு
எலிசா டீச்சர்.
தவசுக்கனி கடை உள்ளே வந்துவிட்டது.
முனகிக்கொண்டே
சிகரெட் பெட்டிகளை இறக்கினார்.

முக்கூடலில் தெரு குறுகல்.
எங்கள் வீட்டு நடையைத் தாண்டித்தான்
நூறு முடிந்தது.

உள்ளே அம்மா.
மடியில் முறம்,
முறத்தில் இலை, தூள், கத்தரி.
இன்னும் நாலு கட்டு குறையுது.
ராத்திரி நான் வாய் மடக்கியதில் பாதி
கம்பெனிக் கடையில் கழிவாம்.

"ஏட்டி, என்னத்த அளக்க?"

டீச்சர் முறத்தைப் பார்த்தார்கள்,
என் புது யூனிபார்மைப் பார்த்தார்கள்.
எண்பத்தாறிலேயே
கோடு போட்டுவிட்டார்கள்.

மறுநாள் உறுதிமொழிக்குக் கை நீட்டினோம்.
என் பெருவிரல் நகத்துக்குள் தூள்.
பேராச்சிக்கும்.