இரண்டாவது நாற்காலிக்கு வருகிறவனுக்கு

உன் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.
பரமக்குடிப் பக்கம், இருபத்தாறு வயது,
கத்தி பிடிப்பான், குடிக்க மாட்டான்
என்றான் ஏஜெண்டு.
என்னைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருந்தான்.
நான் வியாழன் போகிறேன். நீ சனிக்கிழமை வருவாய்.
அதனால் இழுப்பறையில் இந்தத் தாள்.

முதலில் பாஸ்போர்ட்.
பத்திரமாக வைக்கிறேன், கொடு என்பார் முதலாளி.
நல்ல மனிதர். தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருவார்.
கொடுக்காதே.
நான் கொடுத்தேன்.
அப்பா இறந்த அன்று
அது சிரம்பானில், அவர் மச்சான் அலமாரியில்.
மச்சான் கேமரன் மலையில்.
சாவி மச்சானிடம்.
நகல் நான்கு எடு. ஒன்றை அரிசி டின்னில் போடு.

கைக்கடிகாரத்தை இந்த நாட்டு நேரத்துக்கு மாற்று.
ஒரு வருடம் நான் மாற்றவில்லை,
இரண்டரை மணி நேரம் பின்னாலேயே இருந்தேன்.
பஹாவ் பஸ் எனக்காக நிற்கவில்லை.

மொழிக்குப் பயப்படாதே.
பெண்டேக் என்றால் குட்டை, நிப்பிஸ் என்றால் மெலிசு,
தெப்பி என்றால் ஓரம்.
கடை கெடாய், கப்பல் காப்பால்.
முதல் வாரம் ஒரு மலாய்க்காரர்
உதட்டுக்கு மேல் விரலை வைத்து
'மீசாய்' என்றார்.
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
சோப்பு நுரை தெறித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே தலையைத் தொடுவது மரியாதை இல்லை.
நம் பிழைப்போ தலை.
துணி போர்த்தியதும் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்,
அவர் அசைந்து கொடுத்த பிறகு கை வை.
வழி கேட்டால் சுட்டுவிரலை நீட்டாதே, கட்டைவிரல்.

காசுக்குப் பெயர் வெள்ளி.
'வெள்ளிக்கு வெள்ளி தர்றேன்' என்று
ஒரு மண்டோர் கடன் சொல்லிப் போனார்.
எந்த வெள்ளி என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.
இன்னும் வரவில்லை.

'பசியாறியாச்சா' என்றால் காலைச் சாப்பாடு.
ஆச்சு என்று சொல், ஆகாவிட்டாலும்.
கேட்பது எதிரே நாசி லெமாக் விற்கும் பாப்பாத்தி அக்கா என்றால் மட்டும்
உண்மையைச் சொல்.

எந்த ஊர் என்பார்கள் நம்மவர்கள்.
மாவட்டம் போதும். தன் தாத்தாவும் அங்கேதான் என்பார்கள்.
இப்ப எப்படியிருக்கு என்று கேட்டால்
மழை பெய்கிறது என்று சொல்.
முதுகுக்குப் பின்னால் உன்னை 'ஊர்க்காரன்' என்பார்கள்.
பாசம் என்று முதலில் நினைத்தேன்,
பிறகு வசவு என்று நினைத்தேன்.
இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஏழாம் தேதி தோட்டத்தில் சம்பளம்.
அன்று சோறு நின்றுகொண்டே.
செம்பனைக் குலை வெட்டுகிற ரொபியுல் வருவான், பங்களாதேஷ்.
பின்கழுத்தில் முள் கீறல் இருக்கும்,
பிளேடு படாமல் சுற்றிப் போ.
அவன் மொழி உனக்கு வராது, உன் மொழி அவனுக்கு வராது.
இரண்டு பேரும் மோசமான மலாய் பேசுவீர்கள்.
சிரிக்க அது போதும்.

வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது
கடைக்குள் நின்று பேசு. மேல்மாடியைக் காட்டாதே.
விளக்கும் கண்ணாடியும் பின்னால் பளிச்சென்று தெரியட்டும்.
நானும் அப்படித்தான் நிற்பேன்.
ஒரு ராத்திரி என் மனைவி சொன்னாள்:
'கண்ணாடியில உங்க பின்கழுத்து தெரியுது.
இத்தனை பேருக்கு வெட்டுறீங்க,
உங்களுக்கு அங்க ஆள் இல்லையா?'

இதை யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை:
இங்கே நம் பின்கழுத்து நமக்கு எட்டாது.

ரொபியுலுக்கு மெஷின் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.
கடை அடைத்த பிறகு வரச் சொல்.
கோணலாகத்தான் வெட்டுவான்.
காசு வாங்கமாட்டான், தே ஓ வாங்கிக் கொடு.
சீனி குறைவாக.