அடிக்குக் கால் அங்குலம்

சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது
அடியில் இன்னொரு தரை இருந்தது,
அதற்கடியில் இன்னொன்று.
பச்சை, பழுப்பு, ஆரஞ்சுப் பூப்போட்ட லினோலியம்.
எழுபத்துநாலில் கட்டிய வீடு.
வந்தவர் யாரும் முன்னவர் தரையைக் கழற்றவில்லை,
மேலேயே ஒட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆறு வாரம் என்றார் காசிமிர்.
இது பதினோராவது வாரம்.
குளியல் தொட்டியருகே மண்டியிட்டுப் பாத்திரம் துலக்குகிறேன்.
பேஸ்மென்ட்டில், வாஷிங் மெஷின் மேல் மின்னடுப்பு;
துணி சுழலும் நாளில்
ரசம் தன்னைத்தானே கலக்கிக்கொள்கிறது.
ஜன்னலுக்கு வெளியே மிஷிகன் பனி,
உள்ளே ஜிப்சம் தூள்.
இரண்டும் ஒரே வெள்ளை. ஒன்று மட்டும் உருகும்.

சாம்பல் நிறம் போடுங்கள் என்றாள் ரியல்டர்,
விற்கும்போது சுலபம்.
அலமாரி சாம்பல், சுவர் சாம்பல்.
முகம் தெரியாத யாரோ ஒருவர்
எங்களுக்கு முன்பே இங்கே குடிவந்துவிட்டார்,
அவருக்குப் பிடித்ததைத்தான் வாங்குகிறோம்.

கூரைக்கு முப்பது வருஷ உத்தரவாதம்.
கல்மேடைக்கு ஆயுட்கால உத்தரவாதம்.
பரணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
“யாரோட ஆயுள்?” என்றான்.
எங்கள் விசாவுக்கு இன்னும் பதினாலு மாதம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
தரையில் ஓர் ஓட்டை.
தண்ணீர் போக.

காசிமிர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
எங்காவது கசிகிறதா?
இல்லை.
வெள்ளம் வருமா?
இல்லை. கழுவ.
வாளியோடு வீசி ஊற்றி
துடைப்பத்தால் தள்ளிவிட.
அவர் என்னைப் பார்த்தார்,
பிறகு பரணியைப் பார்த்தார்.
பரணி ஜன்னலைப் பார்த்தான்.

நகராட்சிப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு விரற்கடை அகலம்.
ஏழு வருஷமாக ஈரக் குச்சித்துணியால்
இந்த மூலை அழுக்கை அந்த மூலைக்கு
மாற்றல் செய்துகொண்டிருக்கிறேன் என்று
அதற்குள் எழுத முடியாது.
‘சுத்தம்’ என்று எழுதினேன்.
இந்த நாட்டில் நான் விண்ணப்பித்து
பத்தே நாளில் கிடைத்தது அது ஒன்றுதான்.

அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டுமாம்.
முதல் வாளி ஊற்றியதும்
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது,
பிறகு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
காசிமிர் போலிஷ் மொழியில் ஏதோ சொன்னார்.
எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.
ஓடுகளை உடைத்து மறுபடி பதித்தார்,
அதற்குக் கூலி கேட்கவில்லை.
இரண்டாவது வாளி
மேடை ஓரமாய் வந்து, திரும்பி, சுழன்று,
பெரிய ஏப்பம் ஒன்று விட்டு இறங்கியது.
மூன்று பேரும் குனிந்து நின்றோம்
அது போன பிறகும்.

போகும்போது சொன்னார்:
உள்ளே ஒரு வளைகுழாய் இருக்கிறது.
அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கதவு.
மாதக்கணக்கில் யாரும் ஊற்றாவிட்டால் வற்றிவிடும்,
சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறும்.
நீண்ட பயணம் என்றால்
மேலே கொஞ்சம் எண்ணெய் விடு.
எந்த எண்ணெயானாலும் சரி.

பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கச் சென்னைக்குப் போகிறோம்.
அலுவலகத்தில் மூன்று வாரம் என்று சொல்லியிருக்கிறோம்.
எதிர்வீட்டுக் கார்த்தியாயினியும் மூன்று வாரம் என்றுதான் போனாள்.
ஐந்து மாதம்
அவள் வாசல் பனியை நாங்கள்தான் அள்ளினோம்.

பெட்டிகள் காரில் ஏறிவிட்டன.
பரணி ஹீட்டரைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்,
குழாய் உறையாத அளவுக்கு மட்டும்.
நான் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன்.
அதன் மேல் இரண்டு கரண்டி நல்லெண்ணெய்.
கறுப்பு வட்டத்துக்குள் அது மெல்லப் பரவி
விளக்கு வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

“என்ன பண்ற அங்க, நேரமாச்சு!”

“வரேன்” என்றேன்
ஓட்டையைப் பார்த்து.