தும்புக்கட்டை, இலக்கம் மூன்று

மார்ல் நகரம், தொழிற்பேட்டையின் தெற்கு வாசல்.
ஆனி மாதத்து மத்தியானம்.
சுவரில் சிவப்பு விளக்குச் சுழல்கிறது.
நெருப்பு என்கிறது கருவி.
நிரப்பு மேடையில் நெருப்பைக் காணோம்.
ட்ரெய்லர் நிற்கிறது, குழாய் நிற்கிறது,
வேலியில் ஒரு காகம்கூட
ஒன்றுமே நடக்காதது போல் நிற்கிறது.

"பொய் அலாரம்" என்கிறான் லென்னார்ட்.
வேலைக்கு வந்து மூன்று கிழமை.
ஓரடி எடுத்து வைத்தவனைச்
சட்டைக் கையில் பிடித்து நிறுத்துகிறேன்.

நிறமில்லை, மணமில்லை.
சமையல் வாயுவுக்குக் கலக்கிற நாற்றத்தை
இதற்குக் கலந்து பயனில்லை,
நாற்றம் பின்தங்கும், இது ஓடிவிடும்.
தண்ணீர் கசியாத இடத்தில் காற்றுக் கசியும்,
காற்றும் கசியாத இடத்தில் இது.
உருக்குக்குள் போய்க் குடியிருந்து
ஒருநாள் உருக்கையே
முறுக்கு மாதிரி நொறுக்கும்.
காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தால் பற்றும்,
எழுபத்தைந்து ஆனாலும் விடாது.
கம்பளிச் சட்டை கழற்றுகையில்
தோலுக்கே தெரியாமல் தெறிக்கிற பொறி,
அதில் துளி காணும்.
அதனால்தான் எங்கள் சப்பாத்து
மின்னைத் தரைக்கு இறக்குகிற சப்பாத்து,
எங்கள் சாவிகள் வெண்கலம்,
எங்கள் கூரை உச்சியில் திறந்த வாய்:
போகிறதென்றால் மேலே போ, ராசா,
இங்கே நின்று யோசியாதே.

பத்தாம் வகுப்பில்
சோதனைக்குழாய் வாயில் எரிகுச்சி பிடிக்க
"பொப்" என்றது.
ஐதரசன் என்று கொப்பியில் எழுதிச் சரி வாங்கினோம்.
அந்தச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான்
இப்போது எனக்குச் சம்பளம்.

வெப்பக் கமரா திருத்தத்துக்குப் போய் ஒன்பது நாள்.
ஆணியில் தொங்குகிறது
தும்புக்கட்டை, இலக்கம் மூன்று.
நீளப் பிடி, சோளத் தும்பு.
இந்த நாட்டில் எனக்குத் தந்த முதல் வேலையிலும்
கையில் இருந்தது இதுதான்,
அப்போது கூட்ட.

அதை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடக்கிறேன்
இருட்டில் கிணறு தேடுகிறவள் மாதிரி,
பட்டப்பகலில்.
ஓரடி. இன்னும் ஓரடி.
முகத்தில் சூடு இல்லை.
சூட்டையும் முன்கூட்டிச் சொல்லாத நெருப்பு.
பதினாலாவது இணைப்புக்கு ஒரு முழம் இருக்கையில்
தும்பு நுனி
ஒன்றுமில்லாத இடத்தில்
பற்றிக்கொண்டது.

லென்னார்ட் கடவுளைக் கூப்பிட்டான்,
பிறகு தீயணைப்பானைத் தூக்கினான்.
வை கீழே.
அணைத்தால் வாயு நிற்காது,
எரியாமல் சேரும்,
சேர்ந்ததெல்லாம் பிறகு ஒரே தரத்தில் பேசும்.
தூரத்து வால்வைப் பூட்டு.
பக்கத்து உருளைகளுக்குத் தண்ணீர் அடி.
குழாயில் மிச்சம் இருக்கிறது,
அது எரியட்டும்.

ஆறு நிமிடம்.
காகம் எப்போது போனதென்று தெரியாது.
மறுபடி தும்பை நீட்டினேன், பற்றவில்லை.
மறுபடி. பற்றவில்லை.
குழாய்க்குள் நைதரசனை விட்டு மீதியைத் துரத்தினோம்.
எரிந்ததெல்லாம் தண்ணீர் ஆகியிருக்க வேணும்,
மேடையில் ஒரு சொட்டும் இல்லை.

பின்னேரம் படிவம்.
சுவாலை: தெரியவில்லை.
எழுதுவது சுகம், உண்மையும்கூட.

அடுத்த கேள்வி, காலைச் சோதனை.
காலையில் தூறல்.
சவர்க்காரத் தண்ணீரோடு
இணைப்பு இணைப்பாய்ப் போனேன், குமிழி தேடி.
பதினாலாவது ஏணிக்குப் பின்னால்,
குனிய வேணும்,
மழையோ எல்லாவற்றிலும் தானே குமிழி விட்டுக்கொண்டிருந்தது.
கையொப்பம் என்னுடையது. வடிவான கையொப்பம்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான் லென்னார்ட்.
"மழை என்று எழுதலாமே."
எழுதலாம்.
பேனையைக் கையில் வைத்துக்கொண்டு
கனநேரம் இருந்தேன்.

பதினாலாவது இணைப்பு: பார்க்கவில்லை.

கீழே, தேவைப்படும் பொருட்கள் என்ற கட்டத்தில்:
தும்புக்கட்டை ஒன்று.
பழையதன் நுனி கருகிவிட்டது.