மூன்றாம் காட்சியில் சாகிறவன்

ஊர்ஸாஸாத்துக்கு வெளியே, பாலை தொடங்கும் இடத்தில்
ஒரு சுவர் நிற்கிறது.
முன்னால் நின்று பார்த்தால் கோட்டை.
பின்னால் போனால் ஒட்டுப்பலகை, சாக்கு, சுண்ணச்சாந்து,
என் மேற்சட்டையை மாட்ட ஓர் ஆணி.

பத்தொன்பது வயதில் முதன்முதலாகச் செத்தேன்.
அப்போது காலில் தோல்வார், கையில் மர ஈட்டி.
பொன்னைத் தேடிக் கப்பலேறி வந்தவன் ஒருவன்
வாசலில் என்னைக் குத்திவிட்டு உள்ளே போனான்.
கூலி நாற்பது திர்ஹம், ஒரு ரொட்டி, அவித்த முட்டை.

இப்போது ஐம்பத்தேழு.
சுவருக்கு அலுமினிய வண்ணம் அடித்திருக்கிறார்கள்.
தூண்களின் இடுக்கெல்லாம் குழாய்கள், பச்சை விளக்குகள்.
வேறேதோ கோளின் துறைமுகமாம்.
ஈட்டி இருந்த கையில் ஒரு குழல்.
அதில் நெருப்பு வராது;
புதாபெஸ்ட்டில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள்
பிற்பாடு போட்டுக்கொள்வார்கள்.
வாசல் மட்டும் அதே வாசல்.

கதையை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
சொல்லவும் வேண்டாம்.
தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையை
முன்பு கூடையில் வைத்து ஆற்றில் விட்டார்கள்,
இப்போது கலத்தில் வைத்து இருட்டில் விடுகிறார்கள்.
ஏழு கடல் ஏழு மலை தாண்டியவன்
ஏழு சூரியன் தாண்டுகிறான்.
அரக்கனின் உயிர்
மரப்பொந்து முட்டையைக் காலி செய்துவிட்டு
அணு உலையின் நடுவே
ஒரு நீலக் குமிழில் குடியேறிவிட்டது.
உடைத்தால் போதும், அன்றும் இன்றும்.
உடைக்கப் போகும் வழியில்தான்
நான் நிற்கிறேன்.

தலைக்கவசத்துக்குள் வெயில் கொதிக்கும்.
ஹத்து எனக்கு இடப்பக்கம்.
அவனுக்கு முட்டிவலி, மரம் மாதிரி நேராக விழுவான்.
நான் அரைவட்டம் சுற்றி விழுவேன்.
"இப்படி விழ எங்கே கற்றீர்கள்?"
ஆரஞ்சுச் சுளையை நீட்டிக் கேட்டான் யெப்பெ,
நாயகனாக நடிக்கும் டென்மார்க் பையன்.
"செத்துச் செத்து" என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் வேறேதோ சொல்லியிருக்க வேண்டும்.
பையன் சிரிக்கவில்லை.

வீட்டில் இட்டோ கேட்பாள், இன்றைக்கு எத்தனை தடவை?
ஐந்து, என்பேன். கூஸ்கூஸை என் பக்கம் தள்ளுவாள்.
ஒருநாள் கேட்டாள்:
வாசல்காரனுக்காக யாராவது அழுவார்களா, படத்தில்?
யோசித்துப் பார்த்தேன்.
ஒரு படத்தில் குதிரைக்கு அழுதார்கள்.
போன வருஷம் ஓர் இயந்திரத்துக்கு.
அதற்கு வயலின் கூட உண்டு.

வியாழக்கிழமை யெப்பெவுக்கு வெயில் தாக்கிவிட்டது.
உயரம் ஒத்துவருகிறதென்று
விளக்குக்காரர்கள் என்னை அவன் இடத்தில் நிறுத்தினார்கள்.
கையில் அவனுடைய செத்துப்போன தகப்பனின் ஆயுதம்.
எடையே இல்லை. உள்ளே பஞ்சு.
வெளிச்சத்தை அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள்.
இருபது நிமிடம்
யாரும் என்னைக் கொல்லவில்லை.

வாசலை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுவே முதல்முறை.
இவ்வளவு சின்ன வாசலா!
அதன் குறுக்கே ஹத்து கிடந்தான்.
முந்தின காட்சியில் செத்தவனை
எழச் சொல்ல மறந்துவிட்டார்கள்.
கவசத்தின் மேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது.

தாண்டிப் போக வேண்டும். தரையில்
சிவப்பு நாடாவில் அம்புக்குறி ஒட்டியிருந்தது.
நான் ஆயுதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குனிந்து அவன் கவசத்தைக் கழற்றினேன்.
தூங்கிக்கொண்டிருந்தான், பாவி. கடைவாயில் எச்சில்.
வெளிச்சத்தை விட்டு விலகுகிறாய் என்று
ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் கத்தியது, பிறகு அரபியில்.
எழுந்திரு ஹத்து, நீ சாகவில்லை
என்றேன், எங்கள் மொழியில்.
"கூலி கொடுத்தாச்சா?" என்றான் அவன்.

சாயங்காலம் மேற்சட்டையை எடுக்கப் போனபோது
வண்ணக்காரர்கள் ஏணியோடு வந்திருந்தார்கள்.
சனிக்கிழமைக்குள் சுவர் கோயிலாக வேண்டுமாம்.
எந்தக் கடவுளுக்கு என்று கேட்டேன்.
அதெல்லாம் தெரியாது,
வாசலுக்கு இரண்டு பேர் வேண்டுமாம்
என்றார்கள்.