என்டரை அழுத்தவும்

போன மே மாதம் கதவை உடைத்துத்தான் திறந்தோம்.
கீல்களில் பனி இறுகியிருந்தது.
உள்ளே, ஆளில்லாத அறையில்,
திரை எரிந்துகொண்டிருந்தது:
வட்டைக் காணவில்லை.
தொடர என்டரை அழுத்தவும்.

நூற்றுப் பதினேழு நாள்
இதையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.
கோபமில்லை, கெஞ்சலில்லை.
வரியின் முடிவில் ஒரு சிறு கட்டம் மட்டும்
மின்னி, அணைந்து, மின்னி.

கையுறையைக் கழற்றாமலே அழுத்தினேன்.
ஓடத் தொடங்கிவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க
அக்-குயுன் கணவாயில் எவ்வளவு பனி என்று
எங்களிடம் கணக்கில்லை.
சரிவு வந்த இரவுகளில்
சாலைத் தடுப்பை
குத்துமதிப்பாகத்தான் இறக்கினோம்.

செப்டம்பரில் மறுபடி ஏறினேன்.
திரையைக் கழற்றி லாரியில் போட்டேன்;
பார்க்க ஆளில்லாத இடத்தில் முகம் எதற்கு?
பெட்டியின் முதுகில் ஒன்பது ஊசிகளோடு ஒரு வாய்,
வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல்
தூசி தின்றுகொண்டிருந்தது.
அதில் கம்பியைச் செருகினேன்.
மறுமுனையில் ரேடியோ.
ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழும்படி
இரண்டு இழைகளைக் குறுக்கே மாற்றிய கம்பி.
நேராக விட்டால்
வாயோடு வாய் மோதும், காதோடு காது காத்திருக்கும்.

இயங்குதளம் கண் திறக்குமுன்
விழித்துக்கொள்ளும் சின்ன நிரல் பூட் லோடர்.
யாரை எழுப்புவதென்று
ஐந்து எண்ணும் வரை யோசிக்கும்,
பிறகு தானே முடிவெடுக்கும்.
அதனிடம் எழுதிவைத்தேன்:
இனி கம்பியில் பேசு.
நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துடிப்பு.
எட்டெட்டாக.
சரிபார்க்க வேண்டாம்.
ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு நிறுத்தம்.

வெளியே தொக்தொசுன் ஹாரன் அடித்தான்.
இருட்டுமுன் இறங்க வேண்டும்.
கெர்னலுக்கு உரிய வரியையும் அடித்துவிட்டு
வாசிக்காமல் சேமித்தேன்.

பிப்ரவரி.
பதினொரு கிலோமீட்டர் கீழே, சுரங்கவாயில்,
பனிவாரி ஓட்டுநர்களின் தகரக் கொட்டகை.
மேலே பெட்டி மூன்று நாளாக மௌனம்.
மடிக்கணினியை ரேடியோவோடு கட்டி
ரிலேயைத் தட்டி மின்சாரத்தை வெட்டி, விட்டேன்.

பட்டியல் வந்தது! எழுத்து எழுத்தாக,
படியேறி மூச்சு வாங்குகிறவன் பேசுவதுபோல.
ஐந்து. நான்கு. மூன்று.
பிறகு கெர்னல் வாயைத் திறந்தது,
திரையெல்லாம் ஆணியும் முள்ளும் உடைந்த கட்டமும்.

"என்ன சொல்றான்?" என்றான் தொக்தொசுன்.

செவிடன் காதில் சங்கு என்பார்கள்.
இங்கே சங்கும் சரி, செவியும் சரி.
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு
என்று செப்டம்பரில் அடித்திருக்கிறேன்,
கை பழக்கத்தில்.
பெட்டி கத்திக் கத்திச் சொல்கிறது,
நான் விதித்த வேகத்தில்,
நான் கேட்க முடியாத வேகத்தில்.

மறுபடி வெட்டி, விட்டேன்.
ஐந்து.
அம்புக்குறியை அனுப்பினேன்; ரேடியோ தூங்கிவழிந்தது.
நான்கு.
மூன்று.
தொக்தொசுன் தேநீர்க் கிண்ணத்தை
வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தான்.
இரண்டு என்பதில் எண்ணிக்கை நின்றது.

வரியைத் திறந்து ஓர் எண்ணை அழித்தேன்,
இன்னொன்றை எழுதினேன்.
ஒவ்வொரு விசைக்கும் ஒரு காத்திருப்பு,
மேலே போய்த் திரும்பி வரும் வரை.
புயல் தகரத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வாக்கியங்கள்.
நினைவகம் இவ்வளவு. கடிகாரம் சரியில்லை.
வட்டில் காயம், ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.
நாற்பது நிமிடம் ஆற்றியது.
கடைசியில் ஒரு வெற்று வரி,
அதற்குக் கீழே ஒரே கேள்வி.

"இப்ப என்ன கேக்குறான்?"
"நீ யாருன்னு."

பெகிமாய், என்று அடித்தேன்.
கடவுச்சொல் கேட்டது. அதை மறந்திருந்தேன்.
நான்காவது முயற்சியில் உள்ளே விட்டது.

இரண்டு மீட்டர் பதினான்கு.
தொக்தொசுன் எண்ணைக் கேட்டதும்
கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து எழுந்து
தடுப்பை இறக்கப் போனான்.