மச்சம் விட்ட கணக்கு

ஒண்டெண்டு நினைச்சு
ஒட்டியிருந்த ரெண்டு ஐயாயிரத்தையும் குடுத்துவிட்டன்.
பின்னேரம் கணக்கு முட்டேல்லை.
கோண்டாவில் கிராமிய வங்கி, அடகுக் கவுண்டர்.
பத்தொன்பது வருசத்தில் இந்த விரல்
ஒருநாளும் பிழை விட்டதில்லை.

நாக்குத்தான் முதல் சொன்னது.
சம்பல் பட்டால் நெருப்பு.
கண்ணாடியில் நீட்டிப் பார்த்தால்
தேய்ச்சுக் கழுவின கோப்பை மாதிரி வழவழப்பு.
"ரத்தம் காணாது உமக்கு" எண்டா மனேச்சர் அம்மா.
முருங்கையிலை, பீற்றூட், பேரீச்சம்பழம்,
நாலு மாசம் இரும்புக் குளிசை.
முருங்கை பாவம்,
தன்னட்டை இல்லாததை எங்க போய் எடுக்கும்?

பேந்து, திருநெல்வேலிச் சந்தை.
வெண்டிக்காய் நுனி முறிச்சுக்கொண்டு நிக்கிறன்,
கீரைக்காரப் பெடியன் கத்துறான்:
"அக்கோய், மற்றச் செருப்பு எங்க?"
குனிஞ்சன்.
இடது வெறுங்கால்.
எந்த ஒழுங்கையில் கழண்டது,
எவ்வளவு தூரம் தாரில் நடந்தது,
காலுக்கே தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை
என்ர மகனிலும் இளசு.
"சிவப்பணு பெருத்துக் கிடக்கு, ஆனால் முத்தேல்லை.
விற்றமின் பி பன்னிரண்டு குறைவு.
எப்ப துவக்கம் சைவம், அன்ரி?"

கஜரூபன் கரை சேர்ந்தால் மச்சம் விடுறன் எண்டு
நல்லூர் வாசலில் சொன்னனான்.
மொன்றியலில் இறங்கி
"குளிருது அம்மா" எண்டு அவன் எடுத்த நேரம்
அடுப்பில் விளைமீன் குழம்பு கொதிச்சுக்கொண்டிருந்தது.
சட்டியோட பக்கத்து வீட்டுக்குக் குடுத்தன்.
பதினொரு வருசம்.

"முட்டை?"
இல்லை.
"பால்?"
பால்மா விலை ஏறினதிலையிருந்து பிளேன்ரீ.

அவ எழுதிக்கொண்டே சொன்னா:
"ஈரல் சேமிச்சு வைச்சிருக்கும்.
கன வருசம் அதுதான் உங்களைக் கொண்டுவந்திருக்கு."
மீட்க வராத சங்கிலிக்கு
ஆரோ சத்தமில்லாமல் வட்டி கட்டியிருக்கினம்.
முருகனிட்டை வைச்சது நான்.
கட்டினது ஈரல்.

ஊசி மருந்து
செவ்வரத்தம்பூவைக் கசக்கின சிவப்பு.
"தங்கச்சி, உது எதிலையிருந்து எடுக்கிறது?"
"கிருமியிலையாம்."
கிருமி மச்சமோ, சைவமோ?
நேர்ஸ் சிரிச்சா.
நான் சிரிக்கக் கேட்கேல்லை.

மகன் போனில்:
"மீன் சாப்பிடுங்கோவன் அம்மா,
நான்தான் வந்து கனகாலமாச்சே."
எங்கையடா வந்தனி?
நீ போனனி.
வாய்வரை வந்தது, சொல்லேல்லை.
நாக்கு இப்ப எரியுறதில்லை.

மூண்டாம் மாசத்து ஊசி முடிஞ்சு
ஒரு மத்தியானம் தேரடி மணல்.
செருப்பு ரெண்டையும் கழட்டி
எண்ணிப் பார்த்து வைச்சன்.
வலக்கால்.
இடக்கால்.
சுட்டது.
நல்லாய்ச் சுட்டது.
ஐஸ்கிறீமோட சனம் நிழலுக்கு ஓடுது.
"என்ன விசரே, இஞ்சால வாங்கோ" எண்டு ஆரோ கூப்பிடுகினம்.
நான் அசையேல்லை.